கியூரெட்டேஜ்: சுரண்டலா, வழித்தெடுப்பா?

மணிக்கட்டு எலும்பில் கட்டி இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்து, பயாப்ஸியில் அது புற்று அல்ல என்று உறுதியான பிறகு மருத்துவர் எழுதித் தரும் தாளில் அடிக்கடி தென்படும் சொல் கியூரெட்டேஜ். 'கியூர்' என்று தொடங்குவதால் குணமாக்குவது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது பொருள் அல்ல. எலும்பை வெட்டி அகற்றாமல், அதன் மேல் ஒரு திறப்பு உண்டாக்கி, உள்ளே இருக்கும் கட்டியைக் கூர்விளிம்புள்ள சிறு கரண்டியால் சுவர் தெரியும்வரை எடுத்துவிடுவதுதான் கியூரெட்டேஜ். அந்தக் கரண்டியின் பெயர் கியூரெட்.

இரண்டும் பிரெஞ்சுச் சொற்கள். வேர் 'க்யூரே' என்ற வினை. கால்வாயையும் கிணற்றையும் தூர்வாருவதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் இந்த வினையைத்தான் சொல்வார்கள். காது குடையும் கருவிக்கும் பல் குத்தும் குச்சிக்கும் அவர்கள் மொழியில் உள்ள பெயர்களும் இதிலிருந்தே வந்தவை. வினையோடு 'எட்' சேர்ந்தால் சிறிய கருவி. இன்னும் பின்னால் போனால் லத்தீனின் 'கூரா': கவனிப்பு, அக்கறை. குணமாக்கலைக் குறிக்கும் ஆங்கில 'கியூர்' அங்கிருந்து வேறு வழியில் பிரிந்து போனது. ஆக இரண்டும் ஒரே தாய்க்குப் பிறந்தவைதான், ஆனால் ஒன்று மருந்துப் பக்கமும் மற்றது தூர்வாரும் பக்கமும் போய்விட்டன.

மருத்துவத்தில் இந்தச் சொல் பரவக் கருப்பைச் சிகிச்சையும் ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவர் ரெகாமியே கருப்பைக்குள் கியூரெட்டைப் பயன்படுத்தினார். நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசப்படும், கருப்பையைச் சுத்தம் செய்யும் 'டி அண்ட் சி'யில் உள்ள 'சி'யும் இதே கியூரெட்டேஜ்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சுரண்டல்' என்றால் பிழையில்லை. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் உழைப்புச் சுரண்டல்தான் நினைவுக்கு வருகிறது. அது தவிர, சுரண்டுவது மேற்பரப்பில் நடப்பது. 'குடைதல்' இன்னும் கிட்ட வருகிறது, காது குடைதல் என்ற வழக்கும் நமக்கு உண்டு. ஆனால் குடைதலில் கெட்டியான ஒன்றைத் துளைத்துப் பள்ளமாக்கும் பொருள்தான் ஓங்கி நிற்கிறது, குடைவரைக் கோயிலில் போல. இங்கே பள்ளத்தைக் கட்டியே ஏற்கனவே உண்டாக்கிவிட்டது. உள்ளே இருப்பதை ஒட்டுமிச்சம் இல்லாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு 'வழித்தல்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. நெற்றி வியர்வையை வழிக்கிறோம், பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை வழித்தெடுக்கிறோம். ஆகவே என் தேர்வு 'வழித்தெடுப்பு'.

இந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது என்பதை எலும்பில் வரும் ராட்சத செல் கட்டியை ('ஜயண்ட் செல் டியூமர்') வைத்துப் பார்க்கலாம். கட்டைவிரல் பக்கமாக முன்கையில் ஓடும் ஆரை எலும்பின் மணிக்கட்டு முனை இதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. முழங்காலைச் சுற்றியுள்ள இரண்டு இடங்களுக்கு அடுத்து அதிகம் வருவது இங்கேதான். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்காரர்களுக்கு வரும். இதைத் 'தீங்கற்ற கட்டி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. புற்று அல்ல என்பது சரி, ஆனால் எலும்பை அரித்துத் தின்னும் ஒன்றை, அரிதாக நுரையீரலுக்கும் போகும் ஒன்றை எப்படித் தீங்கற்றது என்பது?

வெறுமனே வழித்தெடுத்தால் மட்டும் இது அடங்குவதில்லை. எலும்புச் சுவரின் சந்துகளில் தங்கிவிடும் செல்களிலிருந்து மறுபடி முளைக்கும். பழைய மருத்துவத் தொகுப்புகளில் கால்வாசி முதல் பாதி பேர்வரை கட்டி திரும்பி வந்திருக்கிறது. அதனால்தான் இப்போது தாளில் 'எக்ஸ்டெண்டட் கியூரெட்டேஜ்' என்று இருக்கும். விரிவான வழித்தெடுப்பு என்று சொல்லலாம். மூலைமுடுக்கு எதுவும் கண்ணுக்குத் தப்பாதபடி திறப்பைப் பெரிதாக வைப்பார்கள். கரண்டியால் வழித்த பிறகு, வேகமாகச் சுழலும் பர் என்ற கருவியால் சுவரையே கொஞ்சம் கடைவார்கள் (குடைதல் என்ற சொல் இந்த இடத்துக்குத்தான் பொருந்தும்). அப்புறம் ஃபீனால் என்ற ரசாயனம் அல்லது கடுங்குளிரான திரவ நைட்ரஜன் போன்ற ஒன்றால் மிச்சச் செல்களைக் கொல்ல முயல்வார்கள். கடைசியாக வெற்றிடத்தை எலும்புத் துண்டுகளால் அல்லது எலும்பு சிமெண்டால் நிரப்புவார்கள். சிமெண்ட் இறுகும்போது வெளிவிடும் சூடும் எஞ்சிய செல்களைக் கொல்ல உதவும். இன்னொரு வசதி: கட்டி திரும்பினால், சிமெண்டின் ஓரத்தில் எலும்பு கரைவது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்.

எல்லாருக்கும் வழித்தெடுப்பு போதாது. கட்டி எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதற்கு இத்தாலிய மருத்துவர் கம்பனாச்சி 1987இல் வெளியிட்ட மூன்று படிநிலைகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். எலும்பின் வெளிச்சுவர் குலையாமல் இருப்பது முதல் படி. சுவர் மெலிந்து புடைத்திருப்பது இரண்டாவது. சுவரை உடைத்துக் கட்டி வெளியே வந்துவிட்டால் மூன்றாவது. மூன்றாவதில் வழிப்பதற்குப் பல இடங்களில் சுவரே இருக்காது. அப்போது தாளில் பெரும்பாலும் வருவது 'என் பிளாக் எக்ஸிஷன்'. இதில் 'என் பிளாக்' பிரெஞ்சு; முழுத்துண்டாக என்று பொருள். கட்டியைத் திறக்காமல், சுற்றியுள்ள எலும்போடு சேர்த்து அப்படியே வெட்டி எடுப்பது. 'முழுத்துண்டு அகற்றல்' என்று எழுதினால் யாருக்கும் புரியும். போன எலும்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைப்பார்கள். சிலருக்கு மணிக்கட்டையே அசையாதபடி இணைத்துவிடுவார்கள். பிடிக்கும் வலு ஓரளவு கிடைக்கும், ஆனால் மணிக்கட்டு மடங்காது.

அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்திடும் முன் நோயாளி கேட்டுத் தெளிய வேண்டிய வேறுபாடு இதுதான். வழித்தெடுப்பில் மூட்டு பெரும்பாலும் தங்கும், கட்டி திரும்பும் வாய்ப்பு கூடுதல். முழுத்துண்டு அகற்றலில் அந்த வாய்ப்பு குறைவு, மூட்டின் அசைவில் இழப்பு அதிகம்.