மீதியில் தொடங்கும் மறையீட்டியல்

திருகோணமலையில் இரவு 9 மணிக்குக் கடலுக்குப் போன வள்ளம் 8 மணித்தியாலம் கழித்துக் கரை சேர்ந்தால், அது 17 மணிக்கு வந்தது என்று எவரும் சொல்வதில்லை. 12ஐக் கழித்துவிட்டு விடிய 5 மணி என்கிறோம். வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் இக்கணக்கே மட்டு எண்கணிதம். செய்தியைப் பிறர் அறியாதபடி மறைத்து அனுப்பும் வழிகளை ஆராயும் மறையீட்டியலைப் படிக்க விரும்பும் உயர்தர மாணவர், வகையீடு தொகையீடுகளுக்கு முன்பாக இதில்தான் கைபழக வேண்டும்.

ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகிய மூவரும் 1977இல் உருவாக்கிய RSA என்னும் மறையீட்டு முறையைச் சிறிய எண்களில் செய்து பார்ப்போம். 3, 11 என்னும் முதன்மை எண்களின் பெருக்கம் 33. ஒவ்வொன்றிலும் 1ஐக் குறைத்துப் பெருக்கினால் 20. யாவரும் அறியக்கூடிய திறவுகோல் 3; இரகசியத் திறவுகோல் 7, ஏனெனில் 3×7=21ஐ 20ஆல் வகுக்க மீதி 1. அனுப்பவேண்டிய எண் 4 என்றால், அதன் மூன்றாம் அடுக்கு 64. 33ஆல் வகுக்க மீதி 31. அதுவே மறைசெய்தி. பெறுபவர் 31ஐ ஏழாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்றதும் மலைக்கத் தேவையில்லை: 33ஐப் பொறுத்தவரை 31 என்பது −2. அதன் ஏழாம் அடுக்கு −128; 132ஐக் கூட்டினால் 4 திரும்பிவிடுகிறது. இதனை ஒருமுறை தம் கையால் செய்து பாராதவர் மேற்கொண்டு வாசிப்பதில் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

4 ஏன் திரும்புகிறது என்பதற்கு விடை, பேர்மா 1640இல் எழுதி, ஒயிலர் பின்னர் விரிவாக்கிய தேற்றத்தில் இருக்கிறது. 7ஐக் கண்டுபிடிக்க உதவுவதோ இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுள் பெரியதைக் காணும் யூக்ளிட்டின் பழைய வழிமுறை. பெருக்கத்தை அதன் இரு முதன்மை எண்களாகப் பிரிக்கத் தெரிந்தவர் இரகசியத் திறவுகோலையும் கண்டுவிடுவார். 33ஐ எவரும் பிரித்துவிடலாம். நடைமுறையில் பயன்படும் 2048 பிட் எண்ணுக்கு ஏறத்தாழ 617 இலக்கங்கள் உண்டு. 2020இல் 250 இலக்க எண்ணொன்றைக் காரணிப்படுத்தியபோது செலவான உழைப்பு, ஒரேயொரு செயலிக் கருவுக்கு ஏறத்தாழ 2,700 ஆண்டு வேலையாகும்.

ஆகவே வகுபடுதன்மை, முதன்மை எண்கள், யூக்ளிட், பேர்மா, ஒயிலர் என்ற வரிசையில் வாசிப்பதே நல்லது. நிகழ்தகவும் வேண்டும். குலம், புலம் போன்ற அட்சரகணித அமைப்புகள், 1985இல் கோப்ளிட்ஸும் மில்லரும் தனித்தனியே முன்மொழிந்த நீள்வளைய வளைகோட்டு மறையீட்டு முறைக்கு வரும்போது இன்றியமையாதவை, அதுவரை பொறுக்கலாம். எண் கோட்பாடு கைவந்ததும் RSAஐ உருவாக்கிய மூவரும் 1978இல் வெளியிட்ட கட்டுரையையே நேரடியாக வாசிக்கலாம். அவர்களும் 47, 59 என்னும் சிறிய எண்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்கள்: 46×58=2668; திறவுகோல்கள் 17, 157. அவ்விரண்டையும் பெருக்கி 2668ஆல் வகுத்தால் மீதி 1.