ஸ்னோபேர்ட்: பனிப்பறவையா, வலசைக்காரங்களா?

குளிர் ஆரம்பிச்சதும் கனடாவுலேர்ந்தும் அமெரிக்காவோட வட மாநிலங்கள்லேர்ந்தும் ரிட்டயர் ஆன ஆளுங்க ஆர்வியை, அதான் உள்ளயே சமைச்சுப் படுத்துக்கற வீடு மாதிரி வண்டியைக் கிளப்பிட்டு அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடான்னு தெக்க எறங்கிடுவாங்கல்ல, அவங்களுக்குத்தான் ஸ்னோபேர்ட்னு பேரு. இதை அப்படியே "பனிப்பறவை"ன்னு தமிழ்ல போடறாங்க, எனக்கு அது கேட்டாலே பென்குயின்தான் ஞாபகம் வருது. பனியே வேண்டாம்னு ஓடற மனுஷங்களுக்கு பனிப்பறவைன்னு பேரா?

ஆனா இங்கிலீஷ்ல அந்தப் பேருக்கு ஒரு நியாயம் இருக்கு. ஜன்கோன்னு ஒரு சின்னக் குருவி, முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. கோடையில கனடா காட்டுப் பக்கம் கூடு கட்டும், குளிருக்கு தெக்க வந்துடும். அமெரிக்காவுல பல ஊர்ல பனிக்காலத்துல மட்டும்தான் அது கண்ணுல படும், அதனால ஜனங்க அதை ஸ்னோபேர்ட்னு கூப்பிட்டாங்க. அப்புறம் 1900களோட ஆரம்பத்துல இந்தப் பேரு பட்டாளத்துக்குப் போச்சு, அங்க அது திட்டு. குளிருக்கு சோறும் கூரையும் கிடைக்குமேன்னு பட்டாளத்துல சேர்ந்துட்டு வெயில் வந்ததும் கம்பி நீட்டறவனை அப்படிச் சொன்னாங்க. 1920கள்ல குளிருக்கு தெக்க வேலை தேடி வந்த வடக்கத்தி கூலிக்காரங்களுக்கு ஒட்டிக்கிச்சு. பென்ஷன் வாங்கற தாத்தா பாட்டிங்களுக்கு வந்தது அதுக்கும் அப்புறம்தான். இப்பவும் உள்ளூர்க்காரங்க "இந்த ஸ்னோபேர்ட்ஸ் வந்தாலே ரோட்ல நகர முடியல"ன்னு சொன்னா அதுல கொஞ்சம் எரிச்சல் இருக்கும். டெக்சாஸ்ல ரியோ கிராண்ட் பள்ளத்தாக்குப் பக்கம் "விண்டர் டெக்சன்"னு மரியாதையா சொல்றாங்க, நீயும் எங்க ஊர்க்காரன்தான்னு அர்த்தம்.

தமிழ்ல என்ன சொல்லலாம்? என் ஓட்டு வலசைக்குத்தான். பழைய அகராதியில வலசைன்னா பகைவர் படைக்குப் பயந்து ஊரைக் காலி பண்ணிட்டு வேற எடம் போறது, இன்னிக்கு நாம பறவைங்களுக்கு சொல்றோம். ரெண்டுமே இவங்களுக்குப் பொருந்துது, இங்க படையெடுத்து வர்றது குளிர், அவ்ளோதான். வலசைன்னா திரும்பிப் போறதும் அதுல அடக்கம். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துக்காரங்க 12 மாசத்துல 212 நாளுக்கு மேல மாகாணத்துக்கு வெளிய இருந்தா அரசாங்க ஹெல்த் கவரேஜுக்கே சிக்கல், அதனால கூட்டுக்குத் திரும்பித்தான் ஆகணும்.

வலசைப் பறவை வருஷா வருஷம் அதே ஏரிக்கு வர்ற மாதிரி இவங்களும் அதே எடத்துக்குத்தான் வருவாங்க, இவங்க நட்பே அதுலதான் நிக்குது. அரிசோனாவுல குவார்ட்ஸைட்னு ஒரு சின்ன ஊரு, பக்கத்துல லா போசான்னு அரசாங்க பாலைவன நிலம், செப்டம்பர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் அங்க தங்கறதுக்கு ரொம்ப வருஷமா 180 டாலர்தான் பெர்மிட்டா இருந்துச்சு. காம்பவுண்டு கிடையாது, கேட் கிடையாது. புதுசா ஒருத்தர் வந்து ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கத் திணறினா பக்கத்து வண்டிக்காரர் கையைக் காட்டி "இன்னும் வா, இன்னும் வா"ன்னு வழி சொல்லுவார், பேச்சு அங்கதான் ஆரம்பிக்குது, அப்புறம் சோலார் பேனல், தண்ணி டேங்க், எந்த ஊர்லேர்ந்து வர்றீங்கன்னு நீளும். நாற்காலியை வெளிய போட்டு உக்காந்திருந்தா வந்து பேசலாம்னு அர்த்தம். சாயங்காலம் ஆனா அவங்கவங்க நாற்காலியையும் குடிக்கறதையும் தூக்கிட்டு ஒரு வட்டமா கூடிடுவாங்க.

ஆளுக்கொரு டிஷ் கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடற பாட்லக்கும் உண்டு. அதுக்கு நாம புதுசா வார்த்தை தேடவே வேண்டாம், கூட்டாஞ்சோறு இருக்கே. பிரியறப்போ குட்பை சொல்றது கம்மி, "ரோட்ல எங்கயாவது பாப்போம்"ங்கற மாதிரிதான் சொல்லுவாங்க, நம்ம "போயிட்டு வரேன்" மாதிரியேதான். அடுத்த நவம்பர்ல அதே எடத்துல அதே வண்டி நிக்குதான்னு தேடுவாங்க, நிக்கலைன்னா விசாரிப்பாங்க. இந்த வயசுல அந்த விசாரிப்புக்கு என்ன பதில் வரும்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் கேப்பாங்க.

கரண்ட், தண்ணி கனெக்‌ஷன் இல்லாம வெட்டவெளியில தங்கறதை பூண்டாக்கிங்னு சொல்றாங்க. அந்த பூண்டாக் நாம சாப்பிடற பூண்டு இல்லை, பிலிப்பைன்ஸோட தகலாக் மொழியில பூந்தோக்னா மலை, அங்க போன அமெரிக்க சிப்பாய்ங்க ஊருக்குக் கொண்டு வந்த வார்த்தை. தமிழ்ல "வெட்டவெளித் தங்கல்"னு சொன்னா போதும்.

ஆர்விக்கு? ரிக்ரியேஷனல் வெஹிக்கிள்ங்கறதோட சுருக்கம் அது, அதை அப்படியே "பொழுதுபோக்கு வாகனம்"னு யாரோ எழுதி வச்சிருக்காங்க, படிச்சா எக்ஸிபிஷன் ராட்டினம் மாதிரி இருக்கு. கூரை போட்ட மாட்டு வண்டிக்கு நம்மகிட்ட "கூண்டு வண்டி"ன்னு பேரு இருக்கு, மாட்டை அவுத்துட்டு இன்ஜினைப் பூட்டினா அதேதான். கூண்டு வண்டியில வலசை போறவங்கன்னு எழுதினா என் பாட்டிக்கே புரிஞ்சிருக்கும்.