மாடுலர்: கூறா, மட்டா, கட்டகமா?

‘மாடுலர்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சமையலறை அலமாரிதான். எங்கோ செய்து, கொண்டுவந்து, பொருத்திவிட்டுப் போவது என்று பொருள் பதிந்துவிட்டது. இப்போது அதே அடைமொழி இருபது மாடி மரக் கட்டடங்களுக்கும் வந்து ஒட்டிக்கொண்டதால், அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று முடிவுசெய்ய, சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. ‘மோடுலுஸ்’ என்பது சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் டோரிக் பாணிக் கோயிலுக்குக் கணக்குச் சொல்லும்போது, தூணின் தடிமன் 2 மோடுலுஸ், தலைப்பகுதியோடு சேர்த்து உயரம் 14 மோடுலுஸ் என்கிறார். அந்தச் சிற்றளவு எவ்வளவு என்று முடிவாகிவிட்டால் மற்றதெல்லாம் அதன் மடங்குதான். ஆக, வேர்ப்பொருள் ‘முன்கூட்டியே செய்தது’ அல்ல, ‘ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டது’. தொழிற்சாலையும் லாரியும் பின்னால் வந்து சேர்ந்தவை.

ஆங்கிலத்தில் இந்த முறையை ‘மாடுலர் டிம்பர்’ என்கிறார்கள். அதில் மறுபாதியான ‘டிம்பர்’ கதை இன்னும் சுவாரசியம். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கட்டடம் என்றே பொருள். பிறகுதான் கட்டுவதற்கான மரம் என்று ஆனது. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான ‘ட்சிமர்’ இன்றைக்கும் அறையைத்தான் குறிக்கிறது. தமிழில் நிற்பதும் மரம், அறுத்ததும் மரம். அறுத்ததைத் தனியே சொல்ல ‘வெட்டுமரம்’ உண்டு. கட்டுவதற்கான மரம்தானே, ‘கட்டுமரம்’ எனலாமே என்றால், அது எப்போதோ கடலுக்குப் போய்விட்டது.

இனி, தொழிற்சாலையில் அறையாகவே முடித்துக் கொண்டுவந்து அடுக்கும் ‘மாட்யூலுக்கு’ வருவோம். ‘கூறு’ என்கிறார்கள். கூறு என்பது முழுமையிலிருந்து பிரித்த பங்கு. இங்கே நடப்பதோ தனித்தனியாக முடித்ததை ஒன்றுசேர்ப்பது. ‘அலகு’ ஏற்கெனவே மீட்டருக்கும் கிலோவுக்கும் வேலை செய்கிறது. ‘மட்டு’ மட்டும்தான் லத்தீன் பொருளை அப்படியே பிடிக்கிறது. மட்டு என்றால் அளவு, எல்லை. கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டமும் அந்தக் குடும்பம்தான். கணிதத்தில் ‘மாடுலஸ்’ என்பதற்கு மட்டு என்றே பாடநூல்கள் சொல்கின்றன. (மோடுஸ், மட்டு இரண்டும் ஒலியில் ஒத்துப்போவது தற்செயல். அதிலிருந்து இது வந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) ஆனால் கிரேனில் தொங்கும் ஓர் அறையைப் பார்த்து ‘மட்டு வருகிறது’ என்றால் காதுக்கு ஒட்டவில்லை. அதற்குக் ‘கட்டகம்’தான் பொருத்தம். கட்டு, அகம் என்று பிரித்துக் கேட்டால் கட்டிய வீடு என்றே ஒலிக்கிறது. ஆகவே அளவுக்கு மட்டு, அந்த அளவில் செய்த பெட்டிக்குக் கட்டகம், முறைக்குக் ‘கட்டக முறை மரக் கட்டுமானம்’ என்பது என் பரிந்துரை.

உயரமான கட்டடத்துக்கு மரம் தாங்குமா என்பதற்கு விடை, பலகைகளை அடுக்கும் விதத்தில் இருக்கிறது. மரம் ஈரத்தில் இழைக்குக் குறுக்கே உப்பும், இழையின் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது. பலகைகளை 3, 5, 7 என்று ஒற்றைப்படை அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டினால் ஒரு அடுக்கின் உப்பலை அடுத்தது பிடித்து நிறுத்திவிடும். ‘சிஎல்டி’ எனப்படும் இதைக் ‘குறுக்கடுக்குப் பலகை’ எனலாம். 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவானது. எல்லா அடுக்கையும் ஒரே திசையில் ஒட்டி உத்தரமாகவும் தூணாகவும் செய்வது ‘குளூலம்’, அதாவது ஒட்டடுக்கு மரம். தீயைப் பற்றிக் கேட்பார்கள்: தடித்த மரத்தின் மேற்பரப்பு நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. என்ற வேகத்தில் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை. அதைக் கணக்கிட்டே தடிமனைக் கூட்டுகிறார்கள்.

நார்வேயின் பெர்கன் நகரில் 2015இல் முடிந்த ‘த்ரேயெட்’ 14 மாடி. பெயருக்கே மரம் என்று பொருள். அட்டைப் பெட்டிகளைப் போலக் கட்டகங்களை நேராக அடுக்கிக்கொண்டே போனால் அடிக் கட்டகம் நசுங்கும். அதனால் நான்கு மாடி உயரத்துக்குக் கட்டகங்களை அடுக்கி, அதற்கு மேல் 5ஆம் மாடியை வெளியிலுள்ள ஒட்டடுக்குச் சட்டகத்தோடு பிணைத்தார்கள். அதன் கான்கிரீட் தளத்தின் மேல் அடுத்த நான்கு. 10ஆம் மாடியில் மறுபடி அதே ஏற்பாடு. எந்தக் கட்டகமும் நான்கு மாடிக்கு மேல் சுமப்பதில்லை. கான்கிரீட் எதற்கு? எடைக்கு! மரம் கான்கிரீட்டின் ஐந்தில் ஒரு பங்கு எடைதான். அடித்தளத்துக்கும் கிரேனுக்கும் அது வரம், காற்று வீசும்போது சாபம். கட்டடம் ஆடினால் உள்ளிருப்பவருக்குத் தலை சுற்றும்.

அப்புறம், ஒவ்வொரு கட்டகமும் தன் சுவர்களோடு வருவதால் அடுத்தடுத்த அறைகளுக்கு இடையே இரட்டைச் சுவர். மரம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் சத்தம் எளிதில் கடக்காது. இதைவிடப் பெரிய தலைவலி இணைப்பு. ஒரு மாடிக்கு 2 மி.மீ. பிசகினால் 20ஆம் மாடியில் 4 செ.மீ. குழாயும் மின்தூக்கிக் கதவும் நேர்ப்படாது. மட்டு என்ற பழைய பொருளுக்கு இங்கேதான் வேலை.

பத்திரிகைகள் உயர மரக் கட்டடம் எல்லாவற்றையும் மாடுலர் என்று எழுதுகின்றன. அது சரியில்லை. ஸ்வீடனின் ஷெலெஃப்டியோவில் 2021இல் திறந்த சாரா பண்பாட்டு மையத்தின் விடுதி கட்டக முறை. அறைகள் குறுக்கடுக்குப் பலகைப் பெட்டிகளாக வந்து அடுக்கப்பட்டவை. அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022இல் முடிந்த 25 மாடி ‘அசென்ட்’ அப்படியல்ல. அங்கே கீழ்மாடிகள் கான்கிரீட், அதன் மேல் ஒட்டடுக்குத் தூண்களும் உத்தரங்களும், அவற்றின் மேல் பலகைத் தளங்கள். அதை மரக் கோபுரம் எனலாம், முன்தயாரிப்புக் கட்டுமானம் எனலாம், கட்டக முறை என்று சொல்ல முடியாது.