'ஹோல்ப்' உதிர்ந்த கதை

எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்கிறார்: "ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு இறந்தகாலம் 'வென்ட்' என்று ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? எல்லா வினைக்கும் 'எட்' சேர்த்தால் போதாதா?"

ஆங்கிலமே மெல்ல மெல்ல அதைத்தான் செய்துவருகிறது. உதவுதலைக் குறிக்கும் 'ஹெல்ப்' நல்ல சாட்சி. இதன் இறந்தகாலம் ஒருகாலத்தில் 'ஹோல்ப்'. ஷேக்ஸ்பியரிடம் அது உண்டு. 1611-இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், கடவுள் இஸ்ரவேலுக்கு உதவினார் என்று மரியாள் பாடும் இடத்தில் அதன் இன்னொரு உருவமான 'ஹோல்பன்' நிற்கிறது. இன்று எல்லோருக்கும் 'ஹெல்ப்டு'தான். பொருள் மாறவில்லை, உயிரொலி மாறும் பழைய உருவம்தான் உதிர்ந்தது. உறவு மொழியான ஜெர்மனோ இன்றும் 'ஹெல்ஃபன், ஹல்ஃப்' என்று அதைக் காத்துவருகிறது.

உதிர்வது எப்படி? 'எட்' ஒரு விதி. அதை எந்த வினையோடும் ஒட்டலாம். 'ஹோல்ப்' போன்ற உருவத்தையோ தனியாக நினைவில் வைக்க வேண்டும். காதில் விழும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு புதுப்பிக்கப்படுகிறது. விழாவிட்டால் மங்குகிறது, நினைவு தடுமாறும் கணத்தில் விதி முந்திக்கொள்கிறது. 'கோ'வோடு 'எட்' சேர்க்கும் ஆங்கிலக் குழந்தையிடம் நடப்பதும் இதுவே. அதைத் தவறு என்று அதட்டுவதை நான் ஏற்கமாட்டேன். யாரும் சொல்லித்தராத விதியை அந்தக் குழந்தை தானே கண்டுபிடித்திருக்கிறது!

2007-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் எரெஸ் லீபர்மன் குழுவினர் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துக்கொண்டார்கள்; இன்றும் அடங்காதவை 98. கதிரியக்கத் தனிமங்களைப் போல இவற்றுக்கும் அரை ஆயுள், அதாவது ஒரு கூட்டத்தில் பாதி விதிக்கு மாற ஆகும் காலம், உண்டு. ஒரு வினை நூறு மடங்கு அரிதாகப் புழங்கினால், பத்து மடங்கு வேகமாக விதிக்குப் பணிகிறது. நூறின் வர்க்கமூலம் பத்து! எந்த அணு அடுத்துச் சிதையும் என்று சொல்ல முடியாததுபோல, அடிக்கடி புழங்கும் 'ஹெல்ப்' ஏன் விழுந்தது என்று இந்தக் கணக்கு சொல்லாது. கூட்டமாகப் பார்த்தால்தான் ஒழுங்கு தெரியும். பழைய இலக்கண நூல்களைப் பொறுமையாகப் புரட்டிக் கிடைத்த முடிவு இது. 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டு நிதி மறுப்பவர்கள் லீபர்மன் குழுவின் அந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்க வேண்டும்.

'வென்ட்'கூட 'கோ'வின் சொந்தப் பிள்ளையல்ல; 'வெண்ட்' என்ற வேறு வினையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அது தனிக் கதை. ஆனால் அன்றாடம் ஓயாமல் புழங்கும் சொல் அது. ஆகவே, மகளே, அதை மனப்பாடம் செய்துவிடு. உன் பேத்தி காலத்திலும் அது உதிராது.