உவமை: 'பாரபிள்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

வாலிபர் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை 'பாரபிள்', அதாவது ஒரு விஷயத்தைப் புரியவைக்க இயேசு சொன்னதுபோன்ற கதை. "இந்தப் படத்துல ஒரு பாரபிள் இருக்குண்ணா" என்பார்கள். தமிழ் வேதாகமத்தில் அதற்கு 'உவமை' என்ற சொல் இருக்கிறதே என்றால், "உவமைன்னா மலர் போன்ற முகம். அதுல கதை எங்கண்ணா இருக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான்.

கிரேக்கத்தில் இது 'பாரபோலே'. 'பாரா' என்றால் பக்கத்தில். பின்பாதி, எறிதல் என்ற வினையிலிருந்து வந்தது. தெரிந்த ஒன்றைத் தெரியாத ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுவது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், 'மாஷால்' என்ற எபிரேயச் சொல்லுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். பழமொழி, விடுகதை, கதை எல்லாமே மாஷால்தான். கணக்கில் படிக்கும் பரவளையத்தின் ஆங்கிலப் பெயருக்கும் இதே கிரேக்கச் சொல்தான் மூலம்.

சரி, தமிழுக்கு வருவோம். சிலர் 'நீதிக்கதை' என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி என்கிறது மத்தேயு 20ஆம் அதிகாரம். நம் ஊர் நடவு ஆட்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், இது எந்த ஊர் நீதி என்று கேட்பார்கள். 'உருவகக்கதை'யும் பொருந்தாது, அதில் வருகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் சொல்லியாக வேண்டும். உவமைதான் சரியான சொல். புதிதாகக் கேட்பவர்களுக்கு 'உவமைக்கதை' என்று சொன்னால் குழப்பம் தீரும்.

பிள்ளைகள் தேடும் 'போன்ற' வேதாகமத்தில் இல்லாமல் இல்லை. "பரலோகராஜ்யம் கடுகுவிதைக்கு ஒப்பாயிருக்கிறது" என்பதில் அந்த 'ஒப்பு' இருக்கிறது. தொல்காப்பியர் அடுக்கும் உவம உருபுகளில் 'ஒப்ப'வும் ஒன்று. அவர் இதை 'உவமம்' என்கிறார். வடமொழி 'உபமா'வோடு உறவு சொல்வார்கள். பொருளதிகாரத்தில் உவமவியல் என்று தனி இயலே வைத்திருக்கிறார். அதன் தொடக்கம், "வினை பயன் மெய் உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்." செயலால் ஒப்பு, விளைவால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. சினிமாவில் விசுவாசத்தின் சாயலைத் தேடுகிற வாலிபர் ஊழியத்துக்கு இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கூட்டத்தில் படக்காட்சி ஒன்றைச் சுவரில் போட்டுக் காட்டினோம். கதாநாயகன் இரண்டு கைகளையும் விரித்தபடி மழையில் சரிகிறான். நிறுத்திவிட்டு, யார் ஞாபகம் வருகிறது என்று கேட்டேன். "இயேசு!" என்று ஒரே சத்தம். பின்வரிசையில் இருந்த பெண் மட்டும் எழுந்து, "அண்ணா, அவன் கடைசி வரைக்கும் யாரையும் மன்னிக்கவே இல்லையே" என்றாள். அதுதான் விஷயம். விரித்த கை வெறும் மெய்யுவமம். வினையும் பயனும் ஒத்துவராமல் அவனைக் கிறிஸ்துவுக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. அப்புறம் அவளே சொன்னாள், அதே படத்தில் மகன் திரும்பி வந்ததும் ஒன்றும் கேட்காமல் சோறு போடும் அம்மாதான் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் திரும்பி வந்த மகனை ஏற்றுக்கொள்ளும் அப்பா என்று. அந்த அம்மா கையை விரிக்கவேயில்லை.

தஞ்சாவூர் இதை முன்பே செய்து பார்த்த ஊர். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னர் காலத்தில் இங்கே வாழ்ந்தவர். அன்று ஜனங்கள் ரசித்த ஆட்டமும் பாட்டும் குறவஞ்சி. தலைவன் உலா வருவான், தலைவி ஏங்குவாள், குறத்தி வந்து குறி சொல்வாள். அந்த வடிவத்தை அப்படியே எடுத்து, கிறிஸ்துவைத் தலைவனாக வைத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். தலைவனுக்காக ஏங்குவது என்ற வினை ஆத்துமாவின் தவிப்போடு ஒத்துப்போனது. அதனால்தான் அது ஒட்டவைத்த வேஷமாகத் தெரியவில்லை.

தரங்கம்பாடிக் கூட்டத்தின் முடிவில், நம் ஊர்ப் பொருளை வைத்து ஆளுக்கு ஓர் உவமை சொல்லச் சொன்னோம். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும். கடைமடையிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்தான். "பரலோகராஜ்யம் வாய்க்கால் தண்ணிக்கு ஒப்பாயிருக்கு. கடைசி வயலுக்கும் முதல் வயலுக்கு எவ்வளவோ அவ்வளவு தண்ணி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஊருக்கு அப்படி வந்ததில்ல. அதனாலதான் சொல்றேன்" என்றான்.