26 வார விடுப்பு: தாய்ப்பாலுக்கு எத்தனை வாரம் மிஞ்சுகிறது?

பால் ஊறவில்லை, அதனால்தான் புட்டிப்பாலுக்கு மாறிவிட்டாள் என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தாயைத்தான் குறை சொல்கிறார்கள். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். தாய் பகல் முழுவதும் மில்லிலோ துணிக்கடையிலோ நின்றுகொண்டிருந்தால் எப்படி ஊறும்? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூடக் கூடாது என்று செவிலியர் சொல்லி அனுப்புகிறார். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அந்த வயதுக் குழந்தைகளில் 100க்கு 64 பேருக்குத்தான் அது கிடைக்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணிடமிருந்து அந்த ஆறு மாதம் பறிபோவது பெரும்பாலும் அலுவலகக் காகிதத்தில்தான்.

1961ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு வந்தது. 2025 நவம்பர் முதல் இந்த உரிமை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் தொடர்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, கடை, நிறுவனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த உரிமை கைநழுவிப் போகும் முதல் பொறி, விடுப்பு தொடங்கும் தேதி. பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம் என்பதுதான் சட்டம். எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏழாம் மாதம் முடிந்ததும் "வீட்டில் ஓய்வெடும்மா" என்று மேற்பார்வையாளர் பரிவாகச் சொல்லி அனுப்பிவிடுவார். எட்டு வாரம் அங்கேயே போய்விடும். மீதி 18 வாரம். குழந்தைக்கு நாலு மாதம் ஆனதும் தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும். மாவுப்பால் டப்பா வீட்டுக்குள் வருவது அப்போதுதான். உடம்பு இடம் கொடுத்தால் விடுப்பைத் தள்ளிப்போட்டு, தேதியை நீங்களே எழுதிக் கொடுங்கள். கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டால், மருத்துவச் சான்றுடன் சம்பளத்தோடு ஒரு மாதம் தனி விடுப்பு உண்டு. அது 26 வாரத்தில் கழியாது. இதை அலுவலகத்தில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது பொறி இன்னும் கொடியது. "ராஜினாமா எழுதிக் கொடு, குழந்தை பிறந்ததும் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். எழுதாதீர்கள். கர்ப்ப காலத்தில் அவர்களே வேலையை விட்டு நீக்கினாலும் பேறுகாலப் பணத்தைக் கேட்கச் சட்டம் துணை நிற்கும்; நீங்களே எழுதிக் கொடுத்த கடிதத்தின் முன் எதுவும் எளிதில் நிற்காது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது.

"நீ கம்பெனி ஆள் இல்லை, காண்டிராக்ட் ஆள்" என்பது அடுத்த பதில். எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாளும் அதில் சேரும். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்தாலும் பேறுகாலப் பணத்தை முழுமையாகத் தர வேண்டும் என்று 2023இல் தீர்ப்பளித்தது. இத்தனைக்குப் பிறகும் அதே பதில்தான் வருகிறது.

அதிகம் அலைய வைப்பது இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பணம் தர வேண்டியது இ.எஸ்.ஐ. அங்கே கணக்கு வேறு: முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒரு சந்தா காலம் ஆறு மாதம்) குறைந்தது 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணத்தை நிறுவனம் கட்டாமல் விட்டிருப்பதும், தாமதமாகப் பதிவு செய்திருப்பதும் பிரசவத்துக்குப் பிறகுதான் தெரிய வருகிறது. கம்பெனி இ.எஸ்.ஐ.க்குப் போகச் சொல்லும், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் கம்பெனிக்கே திருப்பி அனுப்பும். பச்சை உடம்போடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்ணிடம் இரண்டு பக்கமும் மறைக்கும் விதி ஒன்று இருக்கிறது: இ.எஸ்.ஐ.யில் பேறுகாலப் பணம் பெறும் தகுதி வரும்வரை, அதைத் தர வேண்டியது முதலாளிதான். கர்ப்பம் உறுதியானதுமே உங்கள் சந்தா கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

விடுப்புக் கடிதம் தாமதமாகக் கொடுத்தாலும் உரிமை போகாது. பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். நகலில் முத்திரையுடன் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணம் முன்கூட்டியே வர வேண்டும். மீதி, பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் வர வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்தைத் தவிர, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். அங்கே நாளுக்கு நாலு முறை போய்வரத் தாயை அனுமதிக்க வேண்டும். காப்பகம் என்ற பெயரில் பூட்டிய அறையைக் காட்டினால், கேட்டதையும் கிடைத்த பதிலையும் தேதியுடன் குறித்து வையுங்கள். தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதும்போது அந்தக் குறிப்பின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தத் துறையின் ஆய்வாளர் "இது எங்கள் வரம்பில் வராது" என்றால், யார் வரம்பு என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.