நான்காவது மூலையில் ஏன் இடுக்கு விழுகிறது? மைட்டர் கேஜின் துல்லியம்

போட்டோ பிரேம் செய்யும்போது முதல் மூன்று மூலைகளும் அழகாகச் சேர்ந்துவிடும். நான்காவது மூலையில்தான் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஓர் இடுக்கு தெரியும். பசையில் மரத்தூளைக் குழைத்து அதை அடைத்து, மேலே பாலிஷ் போட்டு மறைத்தவர்களில் நானும் ஒருவன். நான் முதலில் செய்தது தாத்தா படத்துக்கான பிரேம். சுவரில் அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் அந்த மூலைக்குத்தான் போகும். வெட்டும்போது மைட்டர் கேஜின், அதாவது மரத்தைக் கோணம் பிடித்து வெட்ட உதவும் கருவியின், முள் 45-ஆம் கோட்டில்தான் நின்றது. அப்புறம் எங்கே பிசகியது?

ஒரு பிரேமுக்கு நான்கு மூலை, மூலைக்கு இரண்டு வெட்டு, மொத்தம் எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கால் பாகை பிசகினால், எட்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்து கடைசி மூலையில் 2 பாகையாக வந்து நிற்கும். சட்டம் 50 மி.மீ. அகலம் என்றால் மூலைவாட்டு வெட்டின் நீளம் சுமார் 70 மி.மீ. அதன் ஒரு முனையில் ஏறக்குறைய இரண்டரை மி.மீ. வாய் திறந்திருக்கும். பிசகு 0.1 பாகைதான் என்றாலும் ஒரு மி.மீ. இடுக்கு விழும். கால் பாகையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இடுக்கோ அறைக்குள் நுழைந்ததுமே தெரியும்.

மைட்டர் கேஜின் அமைப்பு எளிமையானது. டேபிள் சா என்பது மேசைக்கு நடுவே சுழலும் ரம்ப பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் இயந்திரம். அதன் மேசையில் பிளேடுக்கு இணையாக ஒரு காடி (நீளப் பள்ளம்) ஓடும். காடிக்குள் சறுக்கும் ஒரு பட்டை, பட்டையின் மேல் திரும்பும் அரைவட்டத் தலை, தலையோடு பிணைந்த ஃபென்ஸ் என்ற நேரான தடுப்பு, அவ்வளவுதான். மரத்தை ஃபென்ஸில் அணைத்துப் பிடித்து மொத்தத்தையும் தள்ளினால், தலையை எந்தக் கோணத்தில் பூட்டினோமோ அந்தக் கோணத்தில் மரம் வெட்டுப்படும். வாங்கப் போகிறவர் கண் முதலில் போவது தலையில் பொறித்த பாகைக் கோடுகள் மீது. கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான் என்பேன்.

காரணம் இது. சாவோடு கூடவே வரும் கேஜ்களின் தலை பெரும்பாலும் சிறியது. ஆரம் 65 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் ஒரு பாகைக்குக் கிடைக்கும் இடம் 1.13 மி.மீ. அப்படியானால் 0.1 பாகைக்கு 0.11 மி.மீ. மட்டுமே. பொறித்த கோடே அதைவிடத் தடிமனாக இருக்கும். முள் கோட்டின் இடது ஓரத்தில் நிற்கிறதா, வலது ஓரத்திலா என்பதிலேயே நாம் தேடும் துல்லியம் போய்விடுகிறது.

அதனால் நல்ல கேஜ்கள் கோணத்தைக் கண்ணின் பொறுப்பில் விடாமல், உலோகத்தில் வெட்டிய குழியிலோ பல்லிலோ உட்கார வைக்கின்றன. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நேரான ஆணி ஒரு துளைக்குள் போக வேண்டுமென்றால் துளை கொஞ்சமாவது பெரிதாக இருந்தாக வேண்டும். அந்த இடம் 0.05 மி.மீ. தான், ஆரம் 60 மி.மீ. என்றால், பிசகு ஏறக்குறைய 0.05 பாகை வரை போகலாம். எட்டு வெட்டில் அது 0.4 பாகை. ஆணியையோ பல்லையோ ஆப்பு போலக் குறுகலாகச் செய்துவிட்டால் அது குழியின் இரு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு இறுகும், ஆட்டத்துக்கு இடமே இருக்காது. கடையில் கேஜைக் கையில் எடுத்ததும் தலையைக் குழியில் உட்கார வைத்து, பூட்டாமலே ஃபென்ஸின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே தெரியும் அசைவு எந்த விளம்பரத்தையும்விட உண்மையைச் சொல்லும்.

நமக்குத் தேவையான கோணத்தில் குழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல பக்க வடிவங்களுக்கான வெட்டுக் கோணம், 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. நான்கு பக்கத்துக்கு 45, ஆறுக்கு 30, எட்டுக்கு 22.5. இன்க்ரா நிறுவனத்தின் வி27 என்ற கேஜில், பெயர் சொல்வதுபோல 27 நிறுத்தங்கள், அதாவது தலை உட்காரும் குழிகள்: இருபுறமும் 60 பாகை வரை ஐந்தைந்து பாகைக்கு ஒன்று, கூடவே இரு பக்கமும் 22.5. பிரேம், ஸ்டூல், எண்கோணப் பெட்டி எல்லாவற்றுக்கும் இது தாராளம். ஐங்கோணப் பெட்டிக்கு வேண்டிய 36 அதில் கிடையாது, அதற்கு ஒவ்வொரு பாகைக்கும் பல் உள்ள கேஜ் வேண்டும். ஆஸ்போர்ன் என்ற இன்னொரு கேஜ் வேறு வழியில் போகிறது. அதில் நீளம் மாறும் ஒரு சாய்வுக் கை, ஃபென்ஸையும் பட்டையையும் இணைத்து முக்கோணமாக்குகிறது. கோணம் முடிவாகும் இடம் சுழல் மையத்திலிருந்து தள்ளிப் போவதால், அதே அளவு இயந்திரப் பிசகு சிறிய கோணப் பிசகாகச் சுருங்கிவிடுகிறது. ஆரம் கூடினால் பிழை குறையும் என்ற கணக்குத்தான், அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தலை எவ்வளவு உயர்வாக இருந்தாலும், பட்டை காடிக்குள் ஆடினால் எல்லாம் வீண். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பல டேபிள் சாக்களில் காடி முக்கால் அங்குல அகலம், அதாவது 19.05 மி.மீ. சில சிறிய சாக்களில் வேறு அளவு இருக்கும், அளந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பட்டைக்கும் காடிக்கும் நடுவே 0.15 மி.மீ. ஆட்டம் இருக்கிறது என்போம். 450 மி.மீ. பட்டை முழுவதும் காடிக்குள் இருக்கும்போது அதனால் வரும் பிசகு 0.02 பாகைகூட இல்லை. அகலமான பலகையை வெட்டத் தொடங்கும்போது நிலைமை வேறு. பட்டையின் பெரும்பகுதி மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காடிக்குள் 150 மி.மீ. தான் இருக்கிறது என்றால் அதே ஆட்டம் தரும் பிசகு மூன்று மடங்காகிவிடும். வெட்டின் தொடக்கத்தில் ஒரு கோணம், முடிவில் இன்னொரு கோணம், விளிம்பு லேசாக வளைந்து வரும். வளைந்த விளிம்பை எந்தக் குழியாலும் சரிசெய்ய முடியாது.

ஆகவே பட்டையின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க வழியுள்ள கேஜையே வாங்குங்கள். பக்கவாட்டில் சிறு ஸ்குரூக்களோ விரியும் வட்டுகளோ இருக்கும். அவற்றை மெல்லத் திருகி, தடையில்லாமல் சறுக்கவும் வேண்டும், ஆடவும் கூடாது என்ற நிலைக்குக் கொண்டுவரலாம். இருக்கும் பழைய இரும்புப் பட்டைக்கும் வழி உண்டு. சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியை வைத்துப் பட்டையின் பக்கவாட்டில் சில இடங்களில் தட்டினால் குழியைச் சுற்றி உலோகம் துளி மேலெழும்பும். அதை அரத்தால் ராவிக் காடிக்குப் பொருத்திக்கொள்ளலாம். செலவே இல்லை.

வாங்கியாயிற்று, சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூலை மட்டத்தை (செங்கோணம் சரிபார்க்கும் கருவி) வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பது போதாது. அந்த மட்டமே சரியா என்ற கேள்வி அங்கே வந்துவிடும். ஐந்து வெட்டு முறையில் எந்த மட்டமும் தேவையில்லை. பிரேமைக் கெடுத்த அதே பெருக்கல்தான் இங்கே நமக்கு உதவுகிறது.

முதலில் பிளேடு காடிக்கு இணையாக இருப்பதை உறுதி செய்யுங்கள். பிளேடின் ஒரு பல்லில் குறி போட்டு, அதே பல்லை முன்னாலும் பின்னாலும் கொண்டுவந்து காடியிலிருந்து அளந்தால் தெரியும். சரி, இப்போது ஃபென்ஸ் பிளேடுக்குச் செங்குத்தாக நிற்கும்படி கேஜை வைத்து, சுமார் 400 மி.மீ. சதுரமான எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை எடுங்கள். கேஜோடு தள்ளி, ஒரு பக்கத்தைப் பிளேடில் சீவுங்கள். சீவிய பக்கத்தை ஃபென்ஸில் அணைத்து அடுத்த பக்கம். இப்படியே நான்கு பக்கமும் முடிந்ததும், முதலில் சீவிய பக்கத்திலேயே ஐந்தாவதாக ஒரு 25 மி.மீ. கீற்றை வெட்டியெடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கேஜின் பிழை ஒரு முறை கூடுவதால், இந்தக் கீற்றில் அது நான்கு மடங்காகச் சேர்ந்திருக்கும். கீற்றின் இரு முனை அகலங்களையும் வெர்னியர் காலிப்பரால் அளக்கவும். ஒன்று 24.80, மற்றது 24.40 என்றால் வித்தியாசம் 0.40. நான்கால் வகுத்தால், 400 மி.மீ. நீளத்துக்கு 0.10 மி.மீ. பிழை, கோணத்தில் சுமார் 0.014 பாகை. இவ்வளவு நுட்பமான அளவை வீட்டுப் பட்டறையிலேயே ஒரு துண்டுப் பலகை தருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். கேஜின் நிறுத்தத்தை மெல்ல நகர்த்தி மறுபடி ஐந்து வெட்டு. எந்தத் திசையில் நகர்த்துவது என்று குழம்ப வேண்டாம், வித்தியாசம் கூடினால் எதிர்ப்பக்கம் போங்கள்.

கேஜ் சரியாகவே இருந்தாலும் மரம் நகர்ந்துவிடக்கூடும். 45 பாகையில் வெட்டும்போது பிளேடின் விசை மரத்தை ஃபென்ஸ் வழியே இழுக்கும். ஃபென்ஸின் முகத்தில் உப்புத்தாள் ஒட்டினால் பிடிமானம் கிடைக்கும், கிளாம்ப் போட்டால் இன்னும் நல்லது. எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளமாக இருக்க ஃபென்ஸில் ஒரு ஸ்டாப் (மரத்தின் முனை முட்டி நிற்கும் கட்டை) பூட்டிக்கொள்ளுங்கள். நீளம் அரை மி.மீ. மாறினாலே கோணம் எத்தனை சரியாக இருந்தாலும் பிரேம் மூடாது. குறுக்கு வெட்டு வெட்டும்போது, மேசையில் பிளேடுக்கு இணையாக நிற்கும் நீளவெட்டுக்கான ஃபென்ஸை ஸ்டாப்பாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதற்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் துண்டு உங்களை நோக்கி எறியப்படும்.

இவ்வளவும் செய்து, மூலைகள் நான்கும் இறுக்கமாகச் சேர்ந்த பிரேம் சில மாதம் கழித்து வாய் திறந்தால் கேஜைக் குறை சொல்ல வேண்டாம். மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. அகலம் ஒரு சதவீதம் குறைந்தாலே ஒவ்வொரு 45-உம் கிட்டத்தட்ட 0.3 பாகை குறைந்துவிடும். அப்போது இடுக்கு நான்கு மூலைகளிலும், உள்பக்கமாக விழும். ஈரம் குடித்து உப்பினால் வெளிப்பக்கமாக விழும். முதல் நாளே, அதுவும் கடைசியாகச் சேர்த்த மூலையில் மட்டும் விழுந்தால் அது கேஜின் வேலை. தாத்தா படத்தின் பிரேமில் இருப்பது இந்தக் கடைசி வகை.